லேக்காக் மாளிகை எந்தக் காலத்தது?

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள லேக்காக் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: கட்டடத்தின் தொடக்கம் 1232 என்கிறார்கள், கோபுரம் 1550ஐ ஒட்டியது என்கிறார்கள், நுழைவுக் கூடம் 1750களைச் சேர்ந்ததாம், தெற்குச் சாளரங்கள் 1830 வாக்கில் வைத்தவையாம், அப்படியானால் இந்த வீட்டை எந்தக் காலத்து வீடு என்று குறித்துக்கொள்வது? வந்தவர் போனவர் எல்லோரும் தங்கள் ரசனைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனார்களா? அடைத்த சாளரங்கள் வரிக்குப் பயந்து அடைத்தவையா? கேள்வியின் கடைசியில், போகிற போக்கில், இன்னொன்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் நுழைய ஏன் வெளியிலேயே படியேற வேண்டியிருக்கிறது? தரைத்தளத்தில் ஏன் யாரும் குடியிருந்த சாயலே இல்லை?

அவர் உண்மையில் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் தாமே விடுபட்டுவிடும். பழைய கட்டடங்களைப் பேணும் துறையில் பயின்று, அவற்றை அளந்து வரைபடம் தீட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து கடிதம் படிப்பவன் அல்ல. ஆகவே சுவரும் தளமும் சொல்வதை முதலில் வைத்து, பிறர் ஆவணங்களிலிருந்து எடுத்துத் தந்ததை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்கிறேன்.

இனி அவருக்கே நேராகச் சொல்கிறேன். முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. சாலிஸ்பரி சீமாட்டி எலா, கணவர் வில்லியம் லாங்கெஸ்பே 1226இல் இறந்த பிறகு, 1232இல் இங்கே அகஸ்தீனியத் துறவற ஒழுங்கைச் சேர்ந்த கன்னியருக்காக ஒரு மடம் நிறுவினார். பிறகு அதற்கே தலைவியாகவும் ஆனார். நடுவே சதுர முற்றம், அதைச் சுற்றிக் கல் வளைவுக் கூரையிட்ட தாழ்வாரம், ஒரு பக்கம் தேவாலயம், மற்றப் பக்கங்களில் கன்னியர் புழங்கிய அறைகள் என்பது அக்காலத்து மடங்களின் வழக்கமான அமைப்பு. இங்கேயும் அப்படித்தான். ஆனால் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கன்னியர் உறங்கிய கூடமும் உண்ட கூடமும் மாடியில் இருந்தன. கீழே இருந்தவை பொதுக் காரியங்களுக்கான பேரவை அறை, வழிபாட்டுப் பொருள்களை வைக்கும் அறை, குளிர்காலத்தில் நெருப்பு மூட்டும் ஒரே அறை போன்றவை. இரண்டு, வெயிலுக்காகத் தேவாலயத்தின் தெற்கே முற்றத்தை வைப்பதுதான் பொதுவான வழக்கம். லேக்காக்கில் முற்றம் தேவாலயத்தின் வடக்கே இருக்கிறது. அதாவது 300 ஆண்டுகள் தேவாலயத்தின் உயரமான சுவர் முற்றத்தின் தெற்கு வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. நீங்கள் படம் எடுத்திருக்கும் தாழ்வாரத்தின் அழகிய கூரையும் அதன் முடிச்சுக் கற்களில் உள்ள சிற்பங்களும் எலா காலத்தவை அல்ல. அவை 15ஆம் நூற்றாண்டில், மடம் செழிப்பாக இருந்தபோது புதிதாகக் கட்டியவை. ஆக, வீடாக மாறுவதற்கு முன்பே இந்தக் கட்டடத்துக்கு இரண்டு வயது உண்டு.

மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540க்குள் நாட்டிலிருந்த மடங்களையெல்லாம் கலைத்தார். ஏறத்தாழ 800 மடங்கள். லேக்காக் 1539 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது. வில்லியம் ஷாரிங்டன் என்ற அரசவைக்காரர் 783 பவுன் கொடுத்து அதை வாங்கினார். இந்த வீட்டின் வரலாற்றில் எல்லாவற்றையும் தீர்மானித்த முடிவு அவருடையதுதான். மடத்தை வாங்கிய ஒவ்வொரு சீமானும் அந்த ஆண்டுகளில் ஒரே சிக்கலை எதிர்கொண்டார்: இதில் எதை இடிப்பது, எதை வீடாக்குவது? ஹாம்ப்ஷயரில் மாட்டிஸ்ஃபாண்டைப் பெற்ற வில்லியம் சாண்டிஸ் தேவாலயத்தையே வீடாக்கினார். மக்கள் நின்று தொழுத நடுக்கூடத்துக்குள் தளம் போட்டு அறைகள் அமைத்தார். டிச்ஃபீல்டைப் பெற்ற தாமஸ் ரையாத்ஸ்லி தேவாலயத்தின் நடுக்கூடத்தைக் குறுக்கே பிளந்து கோபுர வாசல் எழுப்பினார். ஷாரிங்டன் செய்தது இதற்கு நேர் எதிர். தேவாலயத்தை முழுவதுமாக இடித்துத் தள்ளினார். முற்றத்தையும் தாழ்வாரத்தையும் சுற்றியிருந்த கட்டடங்களையும் வைத்துக்கொண்டார். கன்னியரைப் போலவே தானும் மாடியில் வாழ முடிவு செய்தார்.

தரைத்தளம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். உறங்கும் கூடமும் உண்ணும் கூடமும் மாடியிலேயே பெரிதாக, வெளிச்சமாக, கட்டி முடித்த நிலையில் கிடைத்தன. அவற்றைத் தடுத்துப் பிரித்தால் அறைகள் தயார். அந்த அறைகளைக் கோக்க ஒரு வழி வேண்டும். கீழே இருந்த தாழ்வாரத்தின் கல் கூரை மாடியில் ஒரு தளமாகப் பயன்பட்டது. அதன்மேல் நீண்ட நடைக்கூடங்களை அமைத்தார்கள். நீங்கள் மாடியில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு முற்றத்தைச் சுற்றியே நடந்திருப்பீர்கள். கீழே கன்னியர் நடந்த அதே சுற்று அது, ஒரு தளம் உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பேரவை அறையும் நெருப்பறையும் புதிய வாழ்க்கைக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் அவற்றை யாரும் மாற்றவும் இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் கன்னியர் மடம் எப்படி இருந்தது என்று பார்க்க இன்று லேக்காக்குக்குப் போகிறார்கள் என்றால், பக்தி அதைக் காப்பாற்றவில்லை, பயனின்மைதான் காப்பாற்றியது. நெருப்பறையில் 1500ஆம் ஆண்டு மெக்கலன் நகரில் வார்த்த ஒரு பெரிய வெண்கலக் கொப்பரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கன்னியருடையது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பொருளின் வயது உறுதி, அதில் ஆண்டு பொறித்திருக்கிறது. அது மடத்தில் புழங்கியது என்பதற்கு அந்த ஆண்டு சான்றாகாது.

இன்னொரு விளைவை நேரில் பார்த்தும் பலர் கவனிப்பதில்லை. தேவாலயத்தின் வடக்குச் சுவர்தான் முற்றத்தின் தெற்குத் தாழ்வாரத்துக்கும் சுவர். தேவாலயம் போனபோது அந்த ஒரு சுவர் மட்டும் நிற்க வேண்டியதாயிற்று. புல்வெளியில் நின்று நீங்கள் பார்த்த தெற்கு முகப்பின் கீழ்ப்பகுதி, ஒரு தேவாலயத்தின் உட்புறம். உள்ளே இருந்து பார்க்க வேண்டிய சுவரை வெளியே நின்று பார்த்திருக்கிறீர்கள். தேவாலயம் மறைத்துக்கொண்டிருந்த வெயிலும் அப்போதுதான் கட்டடத்தின் தெற்குப் பக்கத்துக்கு வந்தது. இது நடந்து மூன்று நூற்றாண்டு கழித்து அந்த வெயிலுக்கு ஒரு வேலை கிடைத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஷாரிங்டன் புதிதாகக் கட்டியதில் முக்கியமானது தென்கிழக்கு மூலையில் உள்ள எண்கோணக் கோபுரம். அதன் நடு அறையில் பணமும் பத்திரமும் வைத்தார். மேலறை நண்பர்களோடு உட்கார்ந்து பழமும் இனிப்பும் உண்டு ஊரைப் பார்க்க. இரண்டிலும் செதுக்கிய கல் மேசைகள். நடு அறை மேசையை ஆட்டுக்கால் கொண்ட வனதேவர்கள் தாங்குகிறார்கள். இத்தாலிய மறுமலர்ச்சியின் இந்த வடிவங்கள் 1550களின் இங்கிலாந்தில் மிக அரிது. கிராமப்புறத்தில் ஷாரிங்டன் போன்ற ஒரு நாணயச்சாலை அதிகாரியின் கோபுரத்தில் இவை எப்படி வந்தன? ஜான் சாப்மன் என்ற கல்தச்சரின் கைவண்ணம் என்று சொல்வது வழக்கம். இங்கே உறுதியையும் ஊகத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஷாரிங்டன் 1553இல் நண்பர் ஜான் தின்னுக்கு எழுதிய கடிதத்தில் சாப்மனின் பெயர் வருகிறது. தின் கட்டிய லாங்லீட் மாளிகையிலும் சாப்மன் வேலை செய்தார். இவை ஆவணம். மேசைகளைச் செதுக்கியது அவரே என்பது பாணியைப் பார்த்துச் செய்த அனுமானம். நல்ல அனுமானம்தான், நானும் ஏற்கிறேன். ஆனாலும் அனுமானம்.

ஷாரிங்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பிரிஸ்டல் நாணயச்சாலையில் துணைக் கருவூலராக இருந்தபோது, நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் கொள்ளையடித்தார். அப்போதைய மன்னர் ஆறாம் எட்வர்டின் தாய்மாமன் தாமஸ் சீமோருக்கும் அதில் பங்கு போயிற்று. 1549இல் மாட்டிக்கொண்டார். சீமோரின் தலை போயிற்று. ஷாரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்று, பறிபோன நிலங்களைத் திரும்ப வாங்கி, 1552இல் மாவட்டத்தின் ஷெரிஃபாகவும் ஆகி, 1553இல் தன் படுக்கையில் இறந்தார். கல் மேசைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரேனும் கேட்டால் சொல்வதற்கு இது போதும்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்து தம்பி ஹென்றிக்கும், பிறகு ஹென்றியின் மகள் ஆலிவ் வழியாக டால்பட் குடும்பத்துக்கும் போயிற்று. காதலனை அடைய ஆலிவ் மதிலிலிருந்து குதித்தார் என்ற கதையை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜான் டால்பட்டை மணந்தது மட்டும் வரலாறு. அதன் பிறகு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டடத்தைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் படை இங்கே தங்கியிருந்து 1645இல் சரணடைந்தது. வேறு மாளிகைகள் இந்தப் போரில் தரைமட்டமாயின, இது தப்பியது.

1714இல் தாய்வழியாகச் சொத்துக்கு வந்த ஜான் ஐவரி டால்பட், 1750களில் மேற்குப் பக்கத்துப் பழைய கூடத்தை நீக்கிவிட்டுப் புதுக் கூடம் கட்டினார். வரைந்து கொடுத்தவர் சாண்டர்சன் மில்லர். இவர் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் அல்ல, வார்விக்ஷயரின் ஒரு நிலக்கிழார். நண்பர்களின் தோட்டங்களில் பொய்யான பாழ்க்கோட்டைகள் கட்டிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். அவர் இங்கே கோதிக் பாணியில், அதாவது கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணியில், ஒரு கூடம் அமைத்தார். நீங்கள் குழம்பிய இடம் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் உண்மையான கோதிக் தாழ்வாரம் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கீழே வளைவுகள் பாரத்தைத் தாங்குகின்றன: கல் விலா எலும்புகள் சந்திக்கும் இடத்தில் முடிச்சுக் கல், பாரம் இறங்கும் இடத்தில் வெளியே முட்டுச்சுவர், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம். மில்லரின் கூடத்தில் கூர்வளைவுகள் அலங்காரம். இடமும் வலமும் அச்சொட்டாக ஒத்திருக்கின்றன, மாடங்கள் ஒழுங்காக வரிசை பிடிக்கின்றன. சட்டை கோதிக், உடல் 18ஆம் நூற்றாண்டு. மாடங்களில் உள்ள சுடுமண் சிலைகளை விக்டர் அலெக்சாண்டர் செடர்பாக் என்ற சிற்பி செய்தார். அந்த வரிசையில் எலாவும் இருக்கிறார். தேவாலயத்தை இடித்த வீட்டின் வாரிசுகள், 200 ஆண்டு கழித்து அதைக் கட்டிய அம்மாளுக்குச் சிலை வைத்துப் பழம்பெருமை கொண்டாடினார்கள்! மேற்கூரையில் நண்பர்களின் குலச் சின்னங்கள். இது 1750களில் ஒரு சீமானுக்கு என்ன தேவைப்பட்டது என்பதைக் காட்டுகிறது: குடும்பம் பழையது என்று சொல்ல வேண்டும், வீடு பழைய மடம் என்பது திடீரென்று மதிப்புக்குரியதாகிவிட்டது.

இருந்தாலும் பாருங்கள், ஐவரி டால்பட்டால் ஒன்றை மாற்ற முடியவில்லை. அவருடைய புதிய கூடமும் மாடி மட்டத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது. மற்ற அறைகள் அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. எனவே நுழைவாயிலுக்கு வெளியே இரு பக்கமும் ஏறும் படிகள் வந்தன. நீங்கள் ஏறிய படி அதுதான். பார்க்கப் பகட்டாக இருக்கிறது, ஆனால் அதன் உயரத்தைத் தீர்மானித்தவர் ஷாரிங்டன். ஷாரிங்டனுக்கு அந்த உயரத்தைக் கொடுத்தவர்கள் 13ஆம் நூற்றாண்டுக் கன்னியர்.

இப்போது வெயில் விஷயம். 1827இல் குடிவந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். சொத்து கடனில் மூழ்கி, மாளிகை நெடுங்காலம் வாடகைக்கு விடப்பட்டிருந்தது. வந்ததும் தெற்கு நெடுங்கூடத்தைச் சீரமைத்து, வெளியே துருத்தி நிற்கும் மூன்று சாளரங்களை வைத்தார். அவற்றுள் நடுச் சாளரத்தைத்தான் 1835 ஆகஸ்டில், வெள்ளி உப்புப் பூசிய சிறு தாளில், உள்ளிருந்தபடி பதிவு செய்தார். இன்றுவரை எஞ்சியிருக்கும் ஒளிப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அது. எடுத்த புதிதில் ஏறத்தாழ 200 கண்ணாடிச் சில்லுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ண முடிந்தது என்று அவரே குறித்து வைத்தார். அந்தச் சாளரத்துக்கு அவ்வளவு வெளிச்சம் வந்ததற்குக் காரணம், அதற்கு எதிரே இருந்த தேவாலயம் 1540களில் இல்லாமற்போனது. இது என் வாதம். வேறு ஒரு வீட்டில் இருந்திருந்தாலும் டால்பட் ஒளிப்படத்தைக் கண்டுபிடித்திருப்பார் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். 1840களில் அவர் தன் வீட்டையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். அதனால் பெரும்பாலான நாட்டுப்புற மாளிகைகளுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: 1840களில் எந்தக் கல் எங்கே இருந்தது என்று சரிபார்க்கத் தொடர்ச்சியான ஒளிப்படச் சான்று.

அவர் மகன் சார்லஸ் வேறு விதமான மனிதர். எதையும் கட்டவில்லை, மாறாக வீட்டையே படித்தார். அவர் காலத்தில், 1900 வாக்கில், கட்டடக் கலைஞர் ஹெரால்ட் பிரேக்ஸ்பியர் மடத்தின் பகுதிகளை அளந்து ஆராய்ந்து வெளியிட்டார். லேக்காக்கைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்த வேலையில் வேரூன்றியது. பிறகு சொத்து சார்லஸின் சகோதரி மகள் மட்டில்டாவுக்கு வந்தது. 1944இல் அவர் மாளிகையையும் ஊரையும் பழைய மாளிகைகளைப் பேணும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். மடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1225ஆம் ஆண்டுப் பிரதியையும் நாட்டுக்கே அளித்தார்.

"ரசனைக்கேற்ப மாற்றிக்கொண்டே போனார்களா" என்ற கேள்விக்கு வருகிறேன். ரசனை மேற்பரப்பை மட்டுமே மாற்றியது. எலும்புக்கூட்டைத் தொடுவதற்கு நிறையப் பணம் வேண்டும். டால்பட்டுகளிடம் அந்த அளவுக்கு இருந்ததில்லை. பணம் கொட்டிக் கிடந்த இடத்தில் கூட நிலைமை பெரிதும் வேறல்ல. டெர்பிஷயரின் சாட்ஸ்வர்த்தில் 1687இல் தெற்குப் பக்கத்தை மட்டும் புதுப்பிக்கத் தொடங்கிய டெவன்ஷயர் பிரபு, நிறுத்த மனமில்லாமல் ஒவ்வொரு பக்கமாக இடித்துக் கட்டி 1707இல் முடித்தார். வெளியே எங்கும் பழைய கல் தெரியாது. ஆனால் முற்றத்தைச் சுற்றிய சதுர வீடு என்ற தளவடிவம் 1550களில் அங்கே கட்டிய முதல் வீட்டினுடையது. பக்கம் பக்கமாக மாற்றினால் பழைய சதுரத்தை விட்டு வெளியேற வழியில்லை. ஒரு இங்கிலாந்து மாளிகையின் வயதை முகப்பைப் பார்த்துச் சொல்லாதீர்கள், தளவரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். வரைபடத்தில் ஒரு சுவர் மட்டும் காரணமில்லாமல் இரண்டு மடங்கு தடித்திருந்தால், அது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்திருக்கலாம். இரண்டு பகுதிகள் சேருமிடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாகப் பிரிந்தால், இரண்டும் ஒரே காலத்தவை அல்ல.

அடைத்த சாளரங்கள் வரிக்குப் பயந்து அடைத்தவையா என்றும் கேட்டிருந்தீர்கள். சாளர வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் பெரிய மாளிகைகளில் காணும் அடைப்புகளில் பலவற்றுக்கு அது காரணமல்ல. பின்னால் புகைபோக்கி வந்திருக்கும், உள்தளத்தின் மட்டம் மாறியிருக்கும், அல்லது முகப்பு சீராகத் தெரிவதற்காகத் தொடக்கத்திலேயே போலிச் சாளரமாகக் கட்டியிருப்பார்கள். மடத்திலிருந்து மாறிய வீட்டில் பழைய திறப்புகள் புதிய தளங்களோடு பொருந்தாமல் அடைபடுவது இயல்பு.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று கேட்டால், நான் இப்படி எழுதுவேன்: தரைத்தளம் 13 முதல் 15ஆம் நூற்றாண்டு; வீடாக அமைந்தது 1540 முதல் 1553க்குள்; நுழைவுக் கூடம் 1750கள்; தெற்கு நெடுங்கூடத்தின் சாளரங்கள் 1830ஐ ஒட்டி. ஒரே ஒரு தேதிதான் எழுத இடம் என்றால் 1540ஐ எழுதுங்கள். 1232 அதைவிடக் கவர்ச்சியானதுதான், ஆனால் அது மடத்தின் பிறந்தநாள், வீட்டினுடையது அல்ல. அடுத்த பயணத்தில் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் ஹாம்ப்ஷயருக்குப் போய் மாட்டிஸ்ஃபாண்டையும் டிச்ஃபீல்டையும் சேர்த்துப் பாருங்கள். மாட்டிஸ்ஃபாண்டில் 1740களின் செங்கல் முகப்பைத் தாண்டி வடக்குப் பக்கம் சுற்றிப் போனால் தேவாலயத்தின் கற்சுவர் தெரியும். டிச்ஃபீல்ட் 1781இல் பெரும்பாலும் இடிக்கப்பட்டுக் கூரையின்றி நிற்பதால், எங்கே மடம் முடிந்து எங்கே மாளிகை தொடங்குகிறது என்பதை வெளியில் நின்றே படிக்கலாம்.